டிவிஎஸ் ஜூபிடர் 110: ஓட்டத்தை விடுங்கள், நிற்பது எப்படி?

எனக்கு மதுரையில் வீடு வீடாகப் போய் தபால் ஆபீஸ் ஆர்.டி. (மாதாமாதம் கட்டுகிற சேமிப்பு) பிடிக்கிற வேலை. மாதத்தில் இரண்டு தடவை தலைக்கு மேல் வேலை வரும். 15-ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்குகளுக்கு ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்டியாக வேண்டும். அதற்குப் பிறகு தொடங்கியவற்றுக்கு மாதக் கடைசிவரை நேரம். அந்த நாட்களில் திருமலை நாயக்கர் மஹால் பக்கம் பந்தடித் தெருக்களில் நுழைந்தால் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் நிற்க வேண்டும். இறங்கி, ஸ்டாண்டு போட்டு, டிக்கியைத் திறந்து, நோட்டை எடுத்து, ரூபாயை எண்ணி, மறுபடி ஏறி, அடுத்த வாசலில் மறுபடி இறங்கி... என் வண்டி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம்.

வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அறுபது கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடுகிறது, வளைவில் எப்படிச் சாய்கிறது என்றே பார்க்கிறார்கள். அது எனக்கு எதற்கு? ஸ்டாண்டு போட இடுப்பு வலிக்கிறதா, சந்துக்குள் ஒரே வீச்சில் திரும்புகிறதா, பங்கில் இறங்காமல் பெட்ரோல் போடலாமா, இதெல்லாம்தான் என் கேள்விகள். அந்தக் கணக்கில் இந்த வண்டியைப் பற்றி எழுதுகிறேன். 2013-இல் வந்த பழைய ஜூபிடர் இல்லை இது. 2024 ஆகஸ்டில் அடியோடு மாற்றி விட்டார்களே, அந்த 113.3 சிசி வண்டி.

இதற்கு முன் என்னிடம் இருந்தது ஸ்கூட்டி பெப் பிளஸ். 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு ஸ்கூட்டர் மானியம் கொடுத்தது ஞாபகம் இருக்கும். வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய். அதில் வாங்கியது. அம்மா ஸ்கூட்டர் என்றுதான் எங்கள் தெருவில் அதற்குப் பெயர். ஒரு குறையும் சொல்ல மாட்டேன், பூ மாதிரி வண்டி. ஆனால் 87.8 சிசி இஞ்சினுக்கு என்னையும், கல்லூரிக்குப் போகும் மகளையும், அவள் பையையும் சேர்த்து இழுக்கத் தெம்பு இல்லை. தெற்குவாசல் பாலம் ஏறும்போது பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே மாட்டார். சின்ன பத்து இஞ்ச் சக்கரம் வேறு. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய இடத்திலெல்லாம் முதுகுத்தண்டு கணக்குச் சொல்லும்.

350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறையும் என்று 2025 செப்டம்பர் தொடக்கத்தில் அறிவித்தபோது, நடைமுறைக்கு வரும் 22-ஆம் தேதிவரை பொறுத்திருந்தேன். ஷோரூமிலும் அப்போது ஈ ஆடியது, எல்லாருமே பொறுத்திருந்தார்கள். 22-க்குப் பிறகு போனால் உட்கார நாற்காலி இல்லை.

விலைச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் போடுவது எக்ஸ்-ஷோரூம் விலை. அதன்மேல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் வரையுள்ள வண்டிக்கு 10 சதவீதம் வாழ்நாள் வரி. பிறகு இன்சூரன்ஸ், புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். இவை தவிர்க்க முடியாதவை. இவற்றுக்குக் கீழே 'ஹேண்ட்லிங்' என்று ஒரு வரி, 'ஆக்சஸரீஸ் பேக்' என்று ஒரு வரி இருந்தது. முதல் வரிக்கு என்ன வேலை என்று கேட்டேன். அந்தப் பையன் மேனேஜரைப் பார்த்தான், மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், தொகை பாதியானது. இரண்டாவதில் கால்மிதி, சீட் கவர், சுற்றிலும் இரும்புக் கம்பி. கம்பி மட்டும் போதும் என்றேன். இன்சூரன்ஸை அங்கேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளியில் விலை கேட்டு வைத்துக்கொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

ஓட்டிப் பார்க்கத் தருகிறோம் என்றார்கள். "முதல்ல சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பாக்கறேன் தம்பி" என்றதற்கு அந்தப் பையன் சிரித்தான். சிரிக்கட்டும். நான் ஐந்தடி ஒரு அங்குலம். பெப்பைவிட இது பத்துப் பன்னிரண்டு கிலோ கூட, 105 கிலோவைத் தொட்டு நிற்கிறது. ஆனால் ஸ்டாண்டு காதை மிதித்தால் வண்டி தானாக ஏறி உட்காருகிறது. கையால் தூக்க வேண்டியதில்லை, உடம்பு எடையைக் காலில் இறக்கினால் போதும். டிவிஎஸ்காரர்கள் ஈசி சென்டர் ஸ்டாண்டு என்று பெயர் வைத்து பெப்பிலும் இதைத்தான் கொடுத்தார்கள், எனக்குப் பழகிய கால். எங்கள் வீட்டு அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரே ஒருநாள் வாசல் கழுவ இடைஞ்சலாக இருக்கிறதென்று வண்டியை இறக்கி நகர்த்தி மறுபடி ஸ்டாண்டு போட்டிருந்தார். இதற்குமேல் சான்றிதழ் வேண்டுமா?

எனக்கு ஒத்துவராதது சீட்டின் அகலம். சீட் உயரம் 770 மி.மீ., பெப்புக்கும் இதற்கும் தாளில் வித்தியாசமே இல்லை. உட்கார்ந்தால்தான் தெரியும்: சீட் அகலமாக இருப்பதால் தொடை விரிகிறது, குதிகால் தரையைத் தொடுவதில்லை. சிக்னலில் சீட்டின் நுனிக்கு நகர்ந்து ஒரு காலை ஊன்றுகிறேன். சேலையில் போகிறவர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் சங்கடம். நான் வேலைக்குச் சுடிதார்தான், அதனால் பழகிவிட்டது. நீண்ட தூரம் போகும்போது இதே அகலம்தான் சுகம், பின்னால் உட்காருகிற மகளுக்கும் தாராளம். அவளுக்கு வண்டியில் பிடித்ததும் அது ஒன்றுதான். மற்றபடி கலர் பிடிக்கவில்லை.

அடுத்தது ஸ்டார்ட் ஆகும் விதம். பழைய வண்டியில் பட்டனை அழுத்தினால் கிர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்து தெருநாய் எழுந்திருக்கும். இதில் சத்தமே இல்லை. தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் பல்சக்கரமும் கிடையாது; இஞ்சின் தண்டோடு சேர்ந்து சுற்றுகிற ஒரே கருவி ஸ்டார்ட்டராகவும் இருக்கிறது, ஓடும்போது பேட்டரிக்குக் கரண்டும் செய்கிறது. என்னைப் போல நாளெல்லாம் அணைத்து அணைத்துப் போடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஷோரூம் பையனுக்குத் தெரியவில்லை. அவன் புளூடூத்தையே விளக்கிக்கொண்டிருந்தான்.

அந்தக் கருவிக்கு மூன்றாவதாக இன்னொரு வேலையும் வைத்திருக்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கினால் சில நொடிகள் அதுவே மோட்டாராக மாறி இஞ்சினுக்குக் கை கொடுக்கிறது. ஐகோ அசிஸ்ட் என்று பெயர். கணக்குப்படி முறுக்குவிசை, அதாவது வண்டியின் இழுக்கிற தெம்பு, 9.2 நியூட்டன் மீட்டரிலிருந்து 9.8 ஆகிறது. தாளில் பார்த்தால் ஒன்றுமில்லை. தெற்குவாசல் பாலத்தின் ஏற்றத்தில் மகளை ஏற்றிக்கொண்டு ஒரு டவுன் பஸ்ஸைத் தாண்டும்போது தெரிகிறது. எப்போதும் வேலை செய்வதில்லை, பேட்டரியில் சார்ஜ் இருந்தால்தான் வரும். அதை நம்பி முந்துவதற்குக் கணக்குப் போடக் கூடாது. வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த வகையில் எல்லா வசதியும் வராது, வாங்குமுன் எந்த வகையில் என்ன இருக்கிறதென்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிக்னலில் சில நொடி நின்றால் இஞ்சின் தானாக அணைவதும் இதே ஏற்பாட்டில் வருவதுதான். முறுக்கினால் சத்தமில்லாமல் உயிர் வந்துவிடும். கோரிப்பாளையத்தில் பாலம் கட்டத் தொடங்கியதிலிருந்து அங்கே நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். வண்டி சத்தம் போடவில்லை என்பதால் அணைந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. சாவி ஆனில் இருக்க, நீங்கள் வாசலில் பேசிக்கொண்டிருக்க, முன்னால் நிற்கிற குழந்தை ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் என்ன ஆகும்? சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் இஞ்சின் உயிர் பெறாது, அது ஒரு காவல். இருந்தாலும் இறங்கினால் சாவியைக் கையில் எடுத்துவிடுவது என்று நான் பழக்கப்படுத்திக்கொண்டேன்.

இனி டிக்கி. இந்த வண்டியின் மூளையே இங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் டேங்கை சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கால் வைக்கிற தளத்துக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். அதனால் சீட்டுக்கு அடியில் 33 லிட்டர் இடம் மிச்சம். பள்ளமாக இல்லாமல் நீளவாக்கில், அடி சமமாக இருக்கிறது. என் ஆர்.டி. நோட்டுகள், பாஸ்புக் கட்டு, மழைக்கோட்டு, சாப்பாட்டுக் கேரியர், திரும்பும் வழியில் வாங்குகிற காய்கறிப் பை எல்லாம் உள்ளே போய் மூடுகிறது. ஹெல்மெட் இரண்டு வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் முகம் முழுக்க மூடுகிற பெரிய ஹெல்மெட் என்றால் இரண்டு வைக்க வராது, முகம் திறந்த வகைக்குத்தான் அந்தப் பேச்சு. டிக்கிக்குள் விளக்கும் இருக்கிறது. மின்வெட்டு நேரத்தில் வாசற்படியில் நின்று ரூபாய் எண்ணுகிறவளுக்கு அது அலங்காரம் இல்லை. தெருவில் டிக்கியைத் திறக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அகலமாகத் திறக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வசூல் பணத்தை நான் அதில் வைப்பதில்லை, தோள்பைதான்.

டேங்க் கீழே போனதில் இரண்டாவது லாபம், பெட்ரோல் மூடி முன்பக்கம் வந்துவிட்டது. சாவி போடுகிற அதே இடத்தில் ஒரு பக்கம் திருப்பினால் சீட் திறக்கிறது, இன்னொரு பக்கம் திருப்பினால் மூடி திறக்கிறது. இறங்க வேண்டாம், சீட்டைத் தூக்கிப் பைகளை வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். டேங்கின் கொள்ளளவு 5.1 லிட்டர். பங்கில் குழாயை எடுக்கும்போது இரண்டு சொட்டு முன்தகட்டில் விழுவது வாடிக்கையாகிவிட்டது. ஒரு பழைய துணியை முன்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது லாபம் சந்துக்குள் தெரிகிறது. கனம் எல்லாம் கீழே இருப்பதால், நடக்கிற வேகத்தில் போகும்போது வண்டி தலையாட்டுவதில்லை. பந்தடித் தெருக்களில் இரண்டு பக்கமும் கோலம், நடுவில் காய்கறித் தள்ளுவண்டி, எதிரே ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். காலை இறக்காமல் ஊர்ந்து போக முடிகிறது. பெப் எடை குறைவாக இருந்தும் அந்த வேகத்தில் ஹாண்டில் அலையும். எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம் போலிருக்கிறது. 25 கிலோ அரிசி மூட்டையைக் கால் தளத்தில் வைத்து வந்தபோதும் முன்சக்கரம் அடம்பிடிக்கவில்லை. கேஸ் சிலிண்டரை அங்கே வைத்துக் கொண்டுபோகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கீழே டேங்க் இருக்கிறது என்று தெரிந்தபிறகு எனக்கு அதற்கு மனசு வரவில்லை.

சக்கரம் இரண்டும் 12 இஞ்ச். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. மாசி வீதிகள் பரவாயில்லை. வில்லாபுரம் உள்ளே போனால் பள்ளம் எது, ரோடு எது என்றே தெரியாது. பின்பக்க ஷாக்கை மூன்று படியாக இறுக்கலாம், தளர்த்தலாம். ஷோரூமிலிருந்து வரும்போது இருந்ததை நான் ஒரு படி தளர்த்தினேன். தனியாகப் போகிறவளுக்கு அது போதும், இருவர் போகும் நாளில் கொஞ்சம் உட்காருகிறது.

பிரேக் விஷயத்தில் என் பழைய மெக்கானிக் தம்பி ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு பாடமே நடத்தினான். நான் டிரம் பிரேக் வகை வாங்கினேன். இடது பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கிறது. 125 சிசி வரையுள்ள புது வண்டிகளில் இந்த ஏற்பாடோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ்.ஸோ ஒன்று சட்டப்படி இருந்தாக வேண்டும். "அக்கா, இடது பிரேக்கு மட்டும் போதும்னு இருக்காதீங்க. ரெண்டையும் புடிங்க. அப்புறம், டிராபிக்குல பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே ஆக்ஸிலேட்டர் குடுக்கிற பழக்கம் இருக்கு பாருங்க, அதை விட்டுருங்க. கிளட்ச்சும் பெல்ட்டும் சீக்கிரம் போயிரும்" என்றான். கியர் இல்லாத வண்டி என்றால் உள்ளே கிளட்ச் இல்லை என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். இருக்கிறது, நாம் முறுக்க முறுக்கத் தானாக விரிந்து பிடிக்கிற கிளட்ச். பிரேக்கைப் பிடித்தபடி முறுக்கினால் அது பாதி பிடித்த நிலையில் தேய்ந்துகொண்டே இருக்கும். ஏற்றத்தில் நிற்க வேண்டுமென்றால் பிரேக்கை மட்டும் பிடியுங்கள், கிளம்பும்போது விடுங்கள். டிஸ்க் வேண்டுமா என்று கேட்டால், என் வேகத்துக்கு வேண்டாம். நாற்பதுக்கு மேல் தினமும் போகிறவர்கள் டிஸ்க்கே வாங்குங்கள். என் டிரம்மில் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது, சுரீரென்று நிற்காது.

வேகத்தைப் பார்க்காமல் விட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாதென்று நத்தம் ரோடு பறக்கும் பாலத்திலும் ஓட்டினேன். 2023-இல் திறந்தது, ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் ஒரு தேநீர்க்கடைகூட இல்லாத ரோடு. அறுபதில் நிம்மதியாகப் போகிறது. அதற்கு மேலும் போகும், இஞ்சின் உழைப்பது காதில் விழும். பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்று அடித்தபோது பெப்பில் பயந்த அளவு பயம் இல்லை. அவ்வளவுதான், அங்கே எனக்கு வேலையும் இல்லை.

மைலேஜ். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுகிற ஆள் நான். கணக்கு என் தொழில். வசூல் நாட்களில் 45-க்குப் பக்கம் வருகிறது, சாதாரண நாட்களில் 50. ஷோரூமில் சொன்னதைவிடக் குறைவுதான். வீட்டுக்கு வீடு நிறுத்துகிறவளுக்கு இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. டயரில் காற்றை வாரம் ஒருமுறை பார்ப்பதில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தேறுகிறது.

மற்ற சில்லறைகள். இண்டிகேட்டர் தானாக அணைகிறது. இந்த ஊரில் காளவாசலில் போட்ட இண்டிகேட்டரைப் பழங்காநத்தம் வரை கொண்டுபோகிறவர்கள் எல்லாருக்கும் இதை இலவசமாகவே கொடுக்கலாம். வண்டியை அணைத்த பிறகும் முன்விளக்கு சிறிது நேரம் எரிகிறது, எங்கள் வீட்டு இருட்டு நடைக்கு உதவியாக இருக்கிறது. சட்டென்று பிரேக் அடித்தால் பின்னால் விளக்குகள் சிமிட்டுமாம், முன்னால் உட்கார்ந்திருக்கிற நான் எப்படிப் பார்ப்பது? மகள்தான் ஒருநாள் பின்னால் வந்து பார்த்துச் சொன்னாள். முன்னால் போன் வைக்கிற பெட்டி ஆழம் போதவில்லை. பெரிய போன் வேகத்தடையில் எட்டிப் பார்க்கிறது. பக்கவாட்டுத் தகடு பிளாஸ்டிக் இல்லை, இரும்பு. சந்துச் சுவரில் உரசுகிறவர்கள் தட்டி எடுத்து பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம்.

என்னோடு ஆர்.டி. பிடிக்கிற அக்கா ஒருவர், வில்லாபுரத்துக்காரர், "நானும் இதையே எடுக்கவா?" என்று கேட்டார். அவர் என்னைவிட மூன்று அங்குலம் குட்டை. வேண்டாம் அக்கா, உங்களுக்கு ஒரு கால்கூட சரியாக ஊன்றாது என்றேன். என் வண்டியிலேயே உட்காரவைத்துக் காட்டினேன். செருப்பின் நுனி மட்டும் தரையைத் தொட்டது. "ஹீல்ஸ் போட்டுக்குவேன்டி" என்கிறார். சனிக்கிழமை ஷோரூமுக்குப் போகிறோம். சீட்டைக் கொஞ்சம் செதுக்கிக் குறைத்துத் தருகிற கடை ஒன்று சிம்மக்கல் பக்கம் இருக்கிறதாம், அதையும் விசாரித்துவிட்டு வரலாம் என்றிருக்கிறார்.